பேர் சொல்லா மருந்து

நேர்முகத் தேர்வில் முதலில் கேட்கும் கேள்வி எல்லோருக்கும் சுலபமானது. "உங்க பேர் என்னம்மா?" வந்திருப்பவரின் படபடப்பு கொஞ்சம் அடங்கட்டும் என்றுதான் அதைக் கேட்கிறார்கள். எனக்கு அதுதான் மிகவும் கஷ்டமான கேள்வி. வேறு எந்தச் சொல்லுக்கும் பதிலாக இன்னொரு சொல்லைப் போட்டுச் சமாளித்துவிடலாம். சொந்தப் பெயருக்கு மாற்றுச் சொல் கிடையாது. என் பெயர் 'க'வில் தொடங்குகிறது. ஊர் கல்பாக்கம், அதுவும் 'க'. படித்தது கெமிஸ்ட்ரி, அதுவும் அப்படியே.

எனக்குத் திக்கும். சினிமாவில் காட்டுவதுபோல 'க-க-க' என்று அடுக்கிக்கொண்டே போவது மட்டுமல்ல திக்கல். எனக்கு வருவது பெரும்பாலும் அடைப்பு. அடிநாக்கு மேலே போய் ஒட்டிக்கொள்ளும். மூச்சு நின்றுவிடும். கண் தானாக மூடிக்கொள்ளும், கழுத்து நரம்பு புடைக்கும். சத்தமே வராது. இரண்டு விநாடியில் விடுபடலாம், பத்து விநாடியும் ஆகலாம். எதிரில் இருப்பவருக்கு நான் பெயரை மறந்துவிட்டேனோ என்று தோன்றும். சிலர் சிரித்துக்கொண்டே, "பேர் கூடவா மறந்துபோச்சு?" என்று கேட்டிருக்கிறார்கள். இந்தத் தொகுப்பின் உள்ளடக்கப் பக்கத்தில் என் பெயர் இருக்கிறது. அச்சில் அது திக்குவதில்லை.

எனக்கு நாலு வயதில் திக்கல் தொடங்கியதாக அம்மா சொல்வாள். ஆயா வசம்பை விளக்கில் சுட்டு, தேனில் உரசி, தினமும் காலையில் என் நாக்கில் தடவினாள். வசம்புக்கு இன்னொரு பெயர் 'பேர் சொல்லா மருந்து'. ராத்திரியில் அதன் பெயரைச் சொல்லக் கூடாது என்பார்கள். மளிகைக் கடையில் ஆயா, "அந்தப் பேர் சொல்லாதத குடுப்பா" என்றுதான் கேட்பாள். வசம்பை உள்ளுக்குக் கொடுப்பது குழந்தைகளுக்கு நல்லதல்ல என்று இன்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அப்போது எங்கள் வீட்டில் யாருக்கும் அது தெரியாது. பேர் சொல்ல முடியாத பெண்ணுக்குப் பேர் சொல்லா மருந்து என்று பின்னாளில் நினைத்துச் சிரித்திருக்கிறேன். அந்தக் கசப்பு மட்டும் இன்னும் நாக்கில் இருக்கிறது. திருக்கழுக்குன்றம் மலைப்படியும் ஏறினோம். எதுவும் பலிக்கவில்லை.

குழந்தைகளில் நூற்றுக்கு ஐந்து பேர் ஏதோ ஒரு காலத்தில் திக்கிப் பேசுகிறார்கள். அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அது தானாகச் சரியாகிவிடுகிறது. பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குத்தான் நிற்கிறது. பெண் குழந்தைகள் அதிலிருந்து வெளியே வருவது ஆண் குழந்தைகளைவிட அதிகம். அதனால் வளர்ந்தவர்களில் திக்கிப் பேசும் ஆண்கள் நான்கு பேர் என்றால் பெண் ஒருத்திதான். காரணம் பயமோ கூச்சமோ அல்ல. மூளை பேச்சை ஒழுங்குபடுத்தும் விதத்தில் இருக்கும் வேறுபாடு அது. பல குடும்பங்களில் பரம்பரையாக வருகிறது. அதோடு தொடர்புள்ள மரபணு மாற்றங்கள் சிலவற்றைப் பாகிஸ்தானியக் குடும்பங்களை ஆராய்ந்து 2010-இல் கண்டறிந்தார்கள். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் அது சித்தப்பாவுக்கு இருந்தது.

சித்தப்பா லாரிப் பட்டறை வைத்திருந்தார். ஊரில் அவருக்குத் 'திக்குவாய்' என்றே பட்டப்பெயர். ஆனால் ஊர்க்கூட்டத்தில் அவர் எழுந்து நின்றால், முடிக்கும்வரை எல்லோரும் காத்திருப்பார்கள். அவர் திக்கித் திக்கித் திட்டினாலும் பட்டறைப் பையன்கள் பயப்படுவார்கள். கேரளத்தின் முதல் முதலமைச்சரான இ.எம்.எஸ். நம்பூதிரிபாடுக்குத் திக்கும். அந்தத் திக்கலைப் பற்றி அவரே அடித்த நகைச்சுவை இன்றும் சொல்லப்படுகிறது. ஆணின் திக்கல் ஒரு பட்டப்பெயராகும், ஒரு கதையாகும், சில சமயம் ஒரு பெருமையாகக்கூட ஆகும். பெண்ணின் திக்கல் என்ன ஆகும் என்று தேடினேன். எங்கும் தென்படவில்லை. அது மௌனத்துக்குள் போய் ஒளிந்துகொள்வதால்தான் தென்படவில்லை என்று புரிய எனக்கு வெகுநாள் ஆயிற்று.

பள்ளியில் வரிசையாகப் பாடம் வாசிக்கச் சொல்லும்போது, எனக்கு முன்னால் எத்தனை பேர், என் முறைக்கு எந்தப் பத்தி வரும், அதில் எத்தனை 'க' என்று எண்ணிக்கொண்டிருப்பேன். என் முறை வருவதற்குள் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவேன். பதில் தெரிந்தாலும் கை தூக்க மாட்டேன். ஆண்டுக் கடைசியில் மதிப்பெண் அட்டையில், 'அமைதியான, அடக்கமான மாணவி' என்று எழுதிக் கொடுத்தார்கள். அம்மா அதைப் பத்து வீட்டில் காட்டினாள். ஆண் பிள்ளை பேசாமல் இருந்தால், என்னடா ஆச்சு இவனுக்கு என்று கவலைப்படுகிறார்கள். பெண் பிள்ளை பேசாமல் இருந்தால் வளர்ப்பு நன்றாக இருக்கிறது என்கிறார்கள். என் குறையை நான் மறைக்கவே வேண்டியிருக்கவில்லை. ஊரே அதற்கு 'அடக்கம்' என்று பெயர் வைத்து மறைத்துக் கொடுத்தது.

மறைப்பதில் நானும் தேர்ச்சி பெற்றேன். செங்கல்பட்டிலிருந்து வரும் பேருந்தில் 'கல்பாக்கம் ஒண்ணு' என்று கேட்க முடியாது. 'சதுரங்கப்பட்டினம்' என்று கேட்பேன். எல்லோரும் சட்ராஸ் என்று சொல்லும் ஊரை முழுப் பெயரில் சொல்கிற பெண்ணைக் கண்டக்டர் ஒரு மாதிரி பார்ப்பார். எட்டு எழுத்துக்கும் மேல் நீளும் அந்தப் பெயர் தடங்கலே இல்லாமல் வரும், ஆறே எழுத்துள்ள என் ஊர்ப் பெயர் வராது. டச்சுக்காரர் கோட்டைப் பக்கம் இறங்கி, வெயிலில் வீட்டுக்கு நடந்து வந்திருக்கிறேன். எங்கே போக வேண்டும் என்பதை என் வாய்தான் முடிவு செய்துகொண்டிருந்தது.

2004 டிசம்பர் 26 அன்று கடல் உள்ளே வந்தபோது எனக்குப் பத்து வயது. கடலோரக் கிணறுகள் பல உப்பாகிப்போயின. குடிக்கும் தண்ணீரை லாரியில் கொண்டுவந்து ஊற்றினார்கள். தண்ணீருக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசை எனக்கு அப்போது வந்தது. செங்கல்பட்டில் கல்லூரியில் சேர்ந்து வேதியியல் படித்தேன். முதுகலைத் திட்டப்பணிக்கு எங்கள் பக்கத்துக் கிணறுகள் முப்பதிலிருந்து தண்ணீர் எடுத்து குளோரைடு அளந்தேன். மோர் முறை என்பார்கள். தண்ணீரில் சில சொட்டுப் பொட்டாசியம் குரோமேட் விட்டு, சில்வர் நைட்ரேட்டைத் துளித்துளியாகச் சேர்க்க வேண்டும். குளோரைடு இருக்கும்வரை வெள்ளை வீழ்படிவு விழும். அது தீர்ந்ததும் செங்கல் சிவப்பு தட்டும். அந்த நொடியில் நிறுத்த வேண்டும். குடிநீரில் லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 1000 வரை அனுமதி. எங்கள் தெருக் கிணற்றின் அளவு எனக்கு இன்றும் மனப்பாடம்.

2016-இல் முதல் நேர்முகத் தேர்வு. செங்கல்பட்டுப் பக்கம் ஒரு தனியார் கம்பெனியின் பரிசோதனைக் கூடம். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று ஆண்கள். பெயர் சொல்ல ஏழெட்டு விநாடி ஆனது. "டென்ஷன் ஆகாதம்மா, தண்ணி குடி" என்று ஒருவர் தம்ளரை நகர்த்தினார். குடித்தேன். தண்ணீர் குடித்தால் திக்கல் போகாது, கை நடுங்குவதுதான் வெளியே தெரியும். அடுத்தவர் என் திட்டப்பணியைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார். "இதுல என்ன அளந்தீங்க?"

குளோரைடு என்று சொல்ல வேண்டும். சொல்லின் வாசலிலேயே 'க' நின்றது. வராது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. "உப்பு சார்" என்றேன். "உப்புன்னா? எந்த அயனி?" என்றார். மௌனம். "இண்டிகேட்டர் என்ன?" பொட்டாசியம் வந்துவிடும், குரோமேட் வராது. மூன்று பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தெரியாது சார்" என்றேன். ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தது.

அவர்கள் முகத்தில் கோபம் இல்லை. நிம்மதிதான் தெரிந்தது. யாரோ எழுதிக் கொடுத்த திட்டப்பணி என்று முடிவு கட்டிவிட்டார்கள். "வீட்ல போய் நல்லா படிம்மா" என்றார் வயதானவர். திருக்கழுக்குன்றம் வழியாக வந்த பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, முப்பது கிணறுகளையும் வரிசையாக நினைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அடுத்த ஐந்து வருடங்களில் பதினோரு நேர்முகத் தேர்வுகள். எத்தனை முறை 'தெரியாது' சொன்னேன் என்று கணக்கில்லை. தெரிந்ததையெல்லாம் தெரியாது என்றேன். திக்குபவள் என்று தெரிவதைவிட, மக்கு என்று தெரிவது எனக்குச் சுலபமாக இருந்தது. ஒரு பெண் 'தெரியாது' என்றால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. மறுபடி கேட்பதும் இல்லை. தொலைபேசியில் நடந்த தேர்வுகளில் 'ஹலோ' சொல்வதற்குள் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். ஒரு பள்ளியில், "பிள்ளைங்க கேலி பண்ணுவாங்களேம்மா, உனக்குத்தான கஷ்டம்?" என்று என்மேல் அக்கறைப்பட்டு அனுப்பிவைத்தார்கள். 2020-இல் கொரோனாவால் எல்லாம் வீடியோவுக்கு மாறியது. நான் பெயர் சொல்ல முயன்றுகொண்டிருக்கும்போதே, "மேடம், உங்க நெட் ஃப்ரீஸ் ஆயிடுச்சு" என்றார் ஒருவர். "ஆமா சார்" என்று நானும் நெட்டின்மேல் பழியைப் போட்டேன்.

இதற்கு நடுவில் இன்னொரு வகை நேர்முகத் தேர்வும் நடந்தது. பெண் பார்க்க வந்தார்கள். "நீ ஒண்ணும் பேசாத, காபியக் குடுத்துட்டு நமஸ்காரம் பண்ணிட்டு உள்ள வந்துடு" என்றாள் அம்மா. அப்படியே செய்தேன். அவர்களுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. "பொண்ணு அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டா போல, எங்களுக்கு இந்த மாதிரிதான் வேணும்" என்று மாப்பிள்ளையின் அம்மா சொன்னதை உள்ளறையில் இருந்து கேட்டேன். வேலைக்குப் போன இடத்தில் எது என்னைத் தோற்கடித்ததோ, அதே மௌனம் இங்கே முதல் வகுப்பில் தேறியது. அந்த மகிழ்ச்சியில் அம்மாவின் முகம் மலர்ந்திருந்ததைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அன்று இரவு மாப்பிள்ளைக்குக் குறுஞ்செய்தி அனுப்பினேன். 'நான் அடக்கமான பெண் இல்லை. எனக்குத் திக்கும். நிறைய பேச ஆசை.' இரண்டு நாளில் தரகர் வந்து, ஜாதகம் பொருந்தவில்லை என்றார். ஜாதகம் ஏற்கெனவே பொருந்தியிருந்தது.

அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எனக்கோ, பத்து வருடமாகத் தூக்கிக்கொண்டிருந்த குடத்தை இறக்கி வைத்ததுபோல் இருந்தது. ஒரே ஒரு முறை உண்மையைச் சொன்னதற்கு இவ்வளவு இளைப்பாறுதல் கிடைக்குமானால், இதை மேசைக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னால் என்ன என்று தோன்றியது.

எங்கள் ஊரிலிருந்து சென்னைக்குப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டில், பல வகை மாற்றுத்திறன் உடையோருக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. எத்தனையோ முறை பேருந்தில் அதைக் கடந்து போயிருக்கிறேன். எனக்கு அங்கே என்ன வேலை என்று நினைத்திருந்தேன். 2021-இல் முதல் முறையாக அங்கே இறங்கினேன். பேச்சுப் பயிற்சி தருபவர் ஒரு பெண். என்னைவிட இளையவர். நான் பெயரைச் சொல்லி முடிக்கும்வரை என் கண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தண்ணீர் தரவில்லை. எனக்காகச் சொல்லை முடிக்கவில்லை. பிறகு கேட்டார், "திக்காம இருக்க என்னென்ன செய்யறீங்க?" பட்டியல் போட்டேன். சொல்லை மாற்றுவது, சுற்றி வளைப்பது, போன் எடுக்காமல் இருப்பது, தெரியாது என்பது. "திக்கல விட இதுக்குத்தான் அதிகம் உழைக்கிறீங்க" என்றார்.

ஜோசப் ஷீஹான் என்ற அமெரிக்க உளவியலாளர், அவரும் திக்கிப் பேசியவர், திக்கலைப் பனிப்பாறைக்கு ஒப்பிட்டார். வெளியே கேட்கும் திக்கல் நீருக்கு மேல் தெரியும் சிறு நுனி. வெட்கம், பயம், ஒளிதல் எல்லாம் நீருக்கு அடியில் இருக்கும் பெரும்பாறை. சார்லஸ் வான் ரைப்பர் என்பவரும் திக்கியவர்தான். திக்கலை ஒழிக்கப் பார்ப்பதைவிட, போராடாமல் இலகுவாகத் திக்கக் கற்றுக்கொள்வது மேல் என்று சொன்னவர் அவர். எனக்குக் கிடைத்த பயிற்சியும் அந்த வழியில்தான் இருந்தது. அடைப்பு வந்தால் முட்டித் தள்ளக் கூடாது. அப்படியே நிறுத்தி, நாக்கு எங்கே இறுகியிருக்கிறது என்று கவனித்து, அதை மெல்லத் தளர்த்தி, சொல்லை நீட்டி வெளியே விட வேண்டும். கண்ணை மூடக் கூடாது, எதிரில் இருப்பவரைப் பார்க்க வேண்டும். இன்னொரு பயிற்சி, வேண்டுமென்றே திக்குவது. புதுப்பட்டினம் கடைத்தெருவில் போய், எனக்குத் திக்கவே திக்காத 'தக்காளி'யைத் "த-த-தக்காளி" என்று கேட்டேன். கடைக்கார அக்கா, "எவ்ளோ?" என்றாள். அவ்வளவுதான். இருபத்தேழு வருடம் நான் பயந்தது இதற்குத்தானா என்றிருந்தது. பிறகு ரயில்வேயின் 139-க்குப் போன் போட்டு, தேவையே இல்லாத ரயில்களின் நேரத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சுயஉதவிக் குழு ஒன்றுக்கும் போனேன். திக்கிப் பேசுபவர்களே 2008-இல் தொடங்கிய 'டிசா' என்ற இந்திய அமைப்பின் வழியில் பல ஊர்களில் இப்படிக் கூடிப் பேசுகிறார்கள். அன்று வந்தவர்கள் ஏழு ஆண்கள், நான் ஒருத்தி. அன்பானவர்கள். ஆனால் அவர்களுடைய கவலை, 'இதை வைத்துக்கொண்டு எப்படிச் சம்பாதிப்பது' என்பது. 'நீ எதற்குப் பேச வேண்டும்' என்று அவர்களில் யாரிடமும் யாரும் கேட்டதில்லை. அமெரிக்காவில் 2018-இல் வந்த ஓர் ஆய்வு, திக்கிப் பேசுபவர்களின் ஆண்டு வருமானம் மற்றவர்களைவிட 7000 டாலருக்கு மேல் குறைவு என்று கணக்கிட்டது. ஆண்களிடத்தில் அந்த இடைவெளியின் பெரும்பகுதிக்குப் படிப்பு, செய்யும் தொழில், வேலை நேரம் போன்ற வேறுபாடுகள் காரணமாக இருந்தன. பெண்களிடத்தில் அந்தக் காரணங்கள் கொஞ்சத்தைத்தான் விளக்கின. மீதி என்ன என்று அந்த எண்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவளுக்குத் தெரியும்.

அமெரிக்க விண்வெளி வீரர் ஜான் கிளென் 1962-இல் பூமியைச் சுற்றி வந்தபோது, அவருடைய மனைவி ஆனி கிளென் நிருபர்களுக்குப் பயந்து வீட்டுக்குள் இருந்தார். கடுமையான திக்கல். கடைகளில் எழுதிக் காட்டித்தான் பொருள் வாங்குவார். 1973-இல், ஐம்பது வயதைக் கடந்த பிறகு, மூன்று வாரத் தீவிரப் பயிற்சி எடுத்துக்கொண்டார். அதன் பிறகு மேடைகளில் பேசினார், பேச்சுக் குறைபாடு உள்ளவர்களுக்காக உழைத்தார், நூறு வயது வரை வாழ்ந்து 2020-இல் இறந்தார். அவரைப் பற்றி வாசித்தபோது எனக்கு அந்த முதல் ஐம்பது வருடங்கள்தான் கண்ணில் நின்றன. புகழ்பெற்ற கணவருக்குப் பக்கத்தில் பேசாமல் நிற்கும் மனைவி என்றால் யாருக்கும் எந்தச் சந்தேகமும் வருவதில்லை.

சட்டம் கைகொடுக்குமா என்று பார்த்தேன். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. அதில் 'பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு' உண்டு. ஆனால் அதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவது குரல்வளை அகற்றப்பட்டவர்களும், மூளைப் பாதிப்பால் மொழியை இழந்தவர்களும். திக்கலின் பெயர் அங்கே இல்லை. அரசு வேலையில் 4 சதவீத இடஒதுக்கீடு பெறும் பிரிவுகளில் பேச்சுக் குறைபாடு தனியாக இடம்பெறவில்லை. எனினும் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பு சொன்னது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் குறை உள்ள ஒரு தேர்வர், குடிமைப் பணித் தேர்வில் தனக்காக எழுத ஒருவர் வேண்டும் என்று கேட்ட வழக்கு அது. 40 சதவீதக் குறைபாடு என்ற சான்று இருந்தால்தான் உதவி என்று மறுக்க முடியாது என்றது நீதிமன்றம். 2024 அக்டோபரில், பேச்சுக் குறைபாடு உள்ள ஒரு மாணவரை அந்தச் சதவீதத்தை மட்டும் காட்டி மருத்துவப் படிப்பிலிருந்து விலக்கக் கூடாது, அவரால் படிக்க முடியுமா என்றுதான் பார்க்க வேண்டும் என்றும் சொன்னது. எனக்குத் தேவை இடஒதுக்கீடு அல்ல, கூடுதலாக ஐந்து நிமிடம். அதைக் கேட்பது பிச்சையல்ல என்ற தைரியத்தை இந்தத் தீர்ப்புகள் கொடுத்தன.

மத்திய அரசு 2016 ஜனவரி 1 முதல் குரூப் 'சி', 'டி' பணிகளுக்கும், அரசிதழ் பதிவு பெறாத குரூப் 'பி' பணிகளுக்கும் நேர்முகத் தேர்வை நீக்கியது. சிபாரிசையும் லஞ்சத்தையும் தடுக்கத்தான் அந்த முடிவு. என்னைப் போன்றவர்களை நினைத்து எடுத்ததல்ல. ஆனாலும் எங்களுக்கும் ஒரு கதவு திறந்தது. அணுசக்தித் துறையை நம்பி வாழும் எங்கள் ஊரில் அது பெரிய செய்தி. நானும் அப்படி இரண்டு தேர்வுகள் எழுதினேன். மதிப்பெண் போதவில்லை. அந்தத் தோல்வி வலிக்கவில்லை. அது நான் படித்த லட்சணத்துக்குக் கிடைத்தது, என் வாய்க்குக் கிடைத்ததல்ல.

2022-இல், தண்ணீரும் உணவும் பரிசோதிக்கும் தனியார் ஆய்வகம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. நேரம் உறுதிசெய்து பதில் அனுப்பும்போதே ஒரு வரி சேர்த்தேன். 'எனக்குத் திக்கும். பதில் சொல்லச் சற்றுக் கூடுதல் நேரம் ஆகும். குறுக்கிடாமல் கேட்டால் உதவியாக இருக்கும்.' முதலில் எழுதியது வேறு. 'மன்னிக்கவும்' என்று தொடங்கி, 'சிரமத்துக்கு வருந்துகிறேன்' என்று முடிந்திருந்தது. இரண்டையும் அடித்தேன். திக்குபவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் கேட்பவர்கள் நல்லவிதமாக மதிப்பிடுகிறார்கள் என்றும், மன்னிப்பாகச் சொல்வதைவிடத் தகவலாகச் சொல்வதே பலன் தருகிறது என்றும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இருப்பதற்கே மன்னிப்புக் கேட்டுப் பழகிய பெண்களுக்கு இந்த இரண்டாவது செய்திதான் மிகவும் தேவை.

உள்ளே இரண்டு பேர். ஓர் ஆண், ஒரு பெண். "உங்க பேர்?" என்றார் அவர். அடைத்துக்கொண்டது. கண்ணை மூடவில்லை. அந்த அம்மாவைப் பார்த்தேன், அவரும் என்னைப் பார்த்தார். சுவர்க் கடிகாரம் கேட்டது. நாக்கைத் தளர்த்தி, 'க'வை நீட்டி, பெயரைச் சொன்னேன். பிறகு, "எனக்குத் திக்கும் மேடம். சில சொல்லுக்கு நேரமாகும். பதில் கண்டிப்பா வரும்" என்றேன். "சொல்லுங்க, டைம் இருக்கு" என்றார்.

குளோரைடு கேட்டார்கள். குளோரைடு என்றே சொன்னேன். நாலைந்து விநாடி ஆகியிருக்கும். குரோமேட்டுக்கு அதைவிட அதிகம். முப்பது கிணறுகளையும் சொன்னேன், எங்கள் தெருக் கிணற்றின் கோடை அளவையும் மழைக்குப் பிந்தைய அளவையும் சொன்னேன். பதினைந்து நிமிடத் தேர்வு அரைமணி நேரம் ஆனது. அந்த அரைமணியில் பாதி என் திக்கல்தான். ஒரு முறைகூட 'தெரியாது' என்று பொய் சொல்லவில்லை. ஒரு கேள்விக்கு மட்டும் நிஜமாகவே தெரியாது. அதையும் சொன்னேன். அந்தத் 'தெரியாது' வேறு மாதிரி இருந்தது.

வேலை கிடைத்தது. கிடைக்காமலும் போயிருக்கலாம். அதற்கு முன் இதே மாதிரி முழுசாகச் சொல்லிப் பேசிய ஒரு தேர்வில் கிடைக்கவில்லை. ஆனால் அன்று திரும்பி வந்த பேருந்தில் நான் அழவில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டுத் தோற்றேன். நம்பிக்கையோடு நேர்முகத் தேர்வைச் சந்திப்பது என்றால் என்ன என்று கேட்டால், எனக்குத் தெரிந்த ஒரே விளக்கம் இதுதான். திக்காமல் பேசுவது அல்ல. திக்கினாலும் சரியான சொல்லையே சொல்வது.

எனக்கு இன்னும் திக்கும். ஆய்வகத்துக்கு வரும் தொலைபேசியை எடுக்கும்போது சில நாள் வயிற்றைக் கலக்கும். அம்மா இப்போதும் கோயிலில் எனக்காக வேண்டிக்கொள்கிறாள். ஆனால் சொந்தக்காரர்களிடம், "என் பொண்ணுக்குத் திக்கும். மெதுவாத்தான் பேசுவா. இருந்து கேளுங்க" என்கிறாள்.

போன வருடம் பயிற்சியாளர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் என்னையும் உட்காரச் சொன்னார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் முதல் முறை. மதுராந்தகம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். திக்கல் எதுவும் இல்லை. தமிழ் வழியில் படித்தவள். என் சக ஊழியர் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டார். அவள் உதடு ஏதோ சொல்லத் திறந்தது, பிறகு மூடிக்கொண்டது. "தெரியாது சார்" என்றாள், கொஞ்சம்கூடத் தடங்கல் இல்லாமல். அவர் அடுத்த கேள்விக்குப் போகப் பேனாவை எடுத்தார்.

"இரும்மா" என்றேன். அந்தச் சொல்லிலேயே எனக்குக் கொஞ்சம் திக்கியது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அவசரமில்ல. தெரியாதா, இல்ல சொல்ல வரலையா?"

சற்று நேரம் யாரும் பேசவில்லை. "தமிழ்ல சொல்லலாமா மேடம்?" என்று கேட்டாள். சொல்லலாம் என்றேன். அவள் சொல்லத் தொடங்கினாள்.